நோக்கம் என்னும் ஆறுதல்

ஜாக் த ரிப்பர் பைத்தியம் எனக்குக் கல்லூரியில் பிடித்தது. 1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை, லண்டனின் வைட்சேப்பலிலும் அதைச் சுற்றியும் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். ஐந்துதானா, அதற்கு மேலா என்பதிலேயே சண்டை உண்டு. கொன்றவன் யாரென்று இன்றுவரை தெரியாது. வேலைக்குப் போன பிறகும் இரவுகளில் இதற்கென்று ஒரு எக்ஸெல் ஷீட் வைத்திருந்தேன். சந்தேக நபர், அவனுக்கான நோக்கம், ஆதரவான சான்று, எதிரான சான்று என்று வரிசையாக.

ஒருநாள் மனைவி எட்டிப் பார்த்தாள். "இதுல செத்தவங்க பேரே இல்லையே?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"சரி, சொல்லுங்க பாப்போம்."

இரண்டு பேருக்கு மேல் எனக்கு வரவில்லை. சந்தேக நபர்கள் என்றால் இருபது பேரை மூச்சுவிடாமல் சொல்லியிருப்பேன்.

அன்றிரவு அந்த ஷீட்டில் நோக்கம் என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தேன். விசாரணை நடத்திய கரோனர் வின் பாக்ஸ்டர், உடலுறுப்புகளை விலைக்குக் கேட்ட ஒரு அமெரிக்கரைப் பற்றிக் கேள்விப்பட்டு, பணம்தான் காரணமாக இருக்கலாம் என்றார். போலீஸ் மருத்துவர் தாமஸ் பாண்ட், காமமும் கொலைவெறியும் கலந்த மனநோய் என்று எழுதினார். தெருவில் இருந்தவர்களோ வந்தேறிய யூதர்கள்மீது பழி போட்டார்கள். 1976-இல் ஸ்டீபன் நைட் எழுதிய புத்தகத்தில் அது அரச குடும்பத்தின் ரகசியத்தை மறைக்கும் சதியாகிவிட்டது. ஒவ்வொருவரும் கையில் எந்தக் கண்ணாடி வைத்திருந்தார்களோ அதில் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார்கள்.

நோக்கம் பொருந்துகிறது என்பதால் மட்டும் ஒருவன் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. 1894-இல் ஸ்காட்லாந்து யார்டின் மெல்வில் மக்நாட்டன் ஒரு குறிப்பில் மூன்று பேரைச் சந்தேகப்பட்டார். அதில் ஒருவரான மாண்டேகு டிரூயிட்டை டாக்டர் என்றார், வயது 41 என்றார். உண்மையில் அவர் வக்கீல், பள்ளி ஆசிரியர். இறந்தபோது வயது 31. இன்னொருவர் மைக்கேல் ஆஸ்ட்ராக். கொலைவெறி கொண்ட பைத்தியம் என்று குறித்திருந்தார். பிற்காலத்தில் தேடிப் பார்த்தால், கொலைகள் நடந்தபோது அந்த ஆள் பிரான்சில் சிறையில் இருந்திருக்கிறார்! அங்கே இல்லாத ஆளுக்கும் நோக்கம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது.

எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் மூல காரணம் கண்டுபிடித்தே ஆக வேண்டும். லாக் இருந்தால் கண்டுபிடிக்கலாம். லாக் இல்லாதபோது மீட்டிங்கில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எல்லாமே நம்பும்படி இருக்கும். கடைசியில் யார் குரல் பெரிதோ அவர் கதை ரிப்போர்ட்டில் ஏறும். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவோம். ரிப்பரின் மனதுக்கு லாக் கிடையாது. எனக்கும் அந்த நிம்மதிதான் வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. காரணம் ஒன்று இருந்துவிட்டால், அந்தக் காரணத்துக்கு வெளியே இருக்கும் நாமெல்லாம் பத்திரம்.

ஆனால் அந்த இரவுகளில் வேறு சிலருக்கும் நோக்கங்கள் இருந்தன. அவை சாட்சியங்களாகப் பதிவாகியிருக்கின்றன. மேரி ஆன் நிக்கோல்ஸ் நான்கு பென்னி இல்லாததால் இரவு விடுதியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். அன்று மூன்று முறை அந்தக் காசு கைக்கு வந்ததாகவும், மூன்று முறையும் குடித்துத் தீர்த்துவிட்டதாகவும் அதிகாலை இரண்டரை மணிக்கு வழியில் பார்த்த தோழியிடம் சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து பக்ஸ் ரோ தெருவில் பிணமாகக் கிடந்தார். உள்பாவாடையில் இருந்த லாம்பெத் ஏழைகள் விடுதியின் முத்திரைதான் அவரை அடையாளம் காண உதவியது. அவர் நோக்கம் ஒரு படுக்கை, அவ்வளவுதான்.

கேத்தரின் எட்டோஸின் உடலருகே கிடைத்த பொருட்களையெல்லாம் போலீஸ் பட்டியல் போட்டது. அதில் இரண்டு சின்னத் தகர டப்பாக்கள், ஒன்றில் டீத்தூள், ஒன்றில் சர்க்கரை. கூடவே, உடன் வாழ்ந்த ஜான் கெல்லியின் பூட்ஸை அடகு வைத்த சீட்டு. மறுநாள் காலையில் டீ போட்டுக் குடிக்க நினைத்திருந்த ஒருவரின் பட்டியல் அது.

"அப்போ வறுமைதான் கொன்னுச்சுன்னு சொல்ல வர்றியா?" என்று நண்பன் கேட்டான். இல்லை. கத்தி பிடித்தது ஒரு மனிதன், வறுமை அல்ல. அன்றைய லண்டனில் ஆயிரக்கணக்கான ஏழை ஆண்கள் இருந்தார்கள், அவர்கள் யாரையும் அறுக்கவில்லை. குற்றத்தை நிலைமையின் தலையில் கட்டினால் அதுவும் இன்னொரு கண்ணாடிதான். நான் சொல்வது சின்ன விஷயம். அவன் ஏன் கொன்றான் என்பதற்கு நம்மிடம் சான்றில்லை. அந்தப் பெண்கள் ஏன் அந்த நேரத்தில் வெளியே இருந்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. எனக்குச் சான்று முக்கியம் என்று பெருமை பேசிக்கொண்டு, நூற்றுமுப்பது வருடத்துக்கு மேலாகச் சான்றில்லாத கேள்வியைக் கேட்பவர்களோடு நானும் சேர்ந்துகொண்டேன். பதில் எழுதியே வைக்கப்பட்டிருந்த கேள்வி எனக்குச் சுவாரசியமாகப் படவில்லை. கூசத்தான் செய்கிறது.

நாளையே அவன் நோக்கம் தெரியவந்தால் நிச்சயம் படிப்பேன். ஆர்வம் செத்துவிட்டது என்று சொன்னால் பொய். ஷீட்டையும் அழிக்கவில்லை. ஐந்து பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன்: மேரி ஆன் நிக்கோல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எட்டோஸ், மேரி ஜேன் கெல்லி. மனைவி மறுபடி கேட்கவில்லை.