சொன்னதும் நடந்ததும்

ஒரு காரியத்தைச் செய்யும்படி சொன்னேன், அது நடந்துவிட்டது என்று நம்பினேன், நடக்கவில்லை. அதன் விளைவுக்கு நான் எவ்வளவு தூரம் பொறுப்பாளி? குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற காலத்தில் இக்கேள்வியைத் தேர்வுக்காகப் படித்து, விடை எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, அசோக் நகரில் ஒரு மாடி அறையில், சின்னஞ்சிறு ரயிலுக்கு மின்கம்பி இணைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் அந்த விடை என்னைச் சுட்டது.

அந்த அறைக்கு உரியவர் ரயில்வேயின் சிக்னல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். முழங்கால் அறுவைக்குப் பின் மாடிப்படி இறங்க இயலாதிருந்த அவருக்கு வாரந்தோறும் நற்கருணை கொண்டு செல்வேன். செபம் முடிந்ததும் உடனே கிளம்ப விடமாட்டார். ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட பலகைமேல் அவரும் பள்ளியில் படிக்கும் பேரனும் ஒரு ரயில் நிலையம் அமைத்துக்கொண்டிருந்தார்கள். முதன்மைப் பாதை ஒன்று, லூப் லைன் ஒன்று, சரக்கு வண்டிக்கான ஒதுக்குப் பாதை இரண்டு, தண்டவாளம் பிரியும் இடங்களாகப் பாயிண்ட்டுகள் ஐந்து. "பொம்மை ரயில் நன்றாக வருகிறதே!" என்று முதல்நாள் சொல்லிவிட்டேன். "பொம்மை இல்லை ஃபாதர், மாதிரி" என்று திருத்தினார். 87இல் ஒரு பங்கு என்ற அளவு அது. அந்த அளவுக்கெனக் கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1435 மில்லிமீட்டர் வரும். நம் அகல ரயில் பாதையோ 1676 மில்லிமீட்டர். தாம் உழைத்த பாதையைத் தம் வீட்டில் சரியான அளவில் போட முடியவில்லையே என்ற குறை அவருக்கு உண்டு. "ஆனால், நம்ம மெட்ரோவுக்கு இது அச்சு அசலாகப் பொருந்தும்" என்று சன்னல் பக்கம் கைகாட்டிச் சிரிப்பார். 2015 சூன் மாதத்தில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை ஓடத் தொடங்கிய மெட்ரோ, அசோக் நகர் வழியே 1435 மில்லிமீட்டர் பாதையில்தான் செல்கிறது.

நான் போய்ச் சேர்ந்த வேளையில் தண்டவாளம் போட்டாகிவிட்டது. பேனல் செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. நிலைய அதிகாரியின் மேசைமேல் இருக்கும் பேனலைப் பார்த்திருக்கிறீர்களா? பாதைகளின் வரைபடம், அதன்மேல் பொத்தான்கள், சிறு விளக்குகள். அதே முறையில் வெள்ளை சன்மைக்கா ஒட்டிய பலகையில் கறுப்புக் கோடுகளாகப் பாதையை வரைந்து, ஒவ்வொரு பாயிண்ட் வரும் இடத்திலும் துளையிட்டு ஒரு டாகிள் சுவிட்சையும் இரண்டு எல்.இ.டி. விளக்குகளையும் பொருத்தியிருந்தார்கள். பச்சை எரிந்தால் நேர்வழி; மஞ்சள் எரிந்தால் பிரியும் வழி. சுவிட்சு, ரெசிஸ்டர், வண்ண வண்ணக் கம்பி எல்லாம் ரிச்சி தெருவில் பேரன் பேரம் பேசி வாங்கியவை. பெரியவருக்குக் கை நடுங்கும். ஆகவே ஈயம் பற்றவைக்கும் பணி எனக்கு வந்தது. அடியேன் பள்ளி நாள்களில் வானொலிப் பெட்டியைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியவன். மறுபடி பூட்டும் வித்தையைப் பின்னர்தான் கற்றேன்.

இரண்டு பாயிண்ட்டுகளை முடித்ததும் எனக்கு ஓர் எளிய வழி தோன்றியது. ஒவ்வொரு பாயிண்ட்டிலிருந்தும் விளக்குக்கென்று தனியே மூன்று கம்பிகளை மேசைக்கடியில் இழுத்துவரச் சொல்லியிருந்தார். ஐந்துக்குப் பதினைந்து கம்பி. எதற்கு? சுவிட்சின் இன்னொரு முனையிலேயே விளக்கை இணைத்துவிட்டால், சுவிட்சைத் தட்டியவுடன் விளக்கு மாறும். ஒரு கம்பிகூடக் கூடுதலாக வேண்டாம். இதைச் சற்றே பெருமிதத்துடன் சொன்னேன்.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்படிச் செஞ்சா அந்த விளக்கு நான் என்ன சொன்னேன் என்பதைத்தான் காட்டும், ஃபாதர். நான் சொன்னது எனக்கே தெரியுமே. அங்கே என்ன நடந்தது என்று சொல்லத்தான் விளக்கு வேணும்."

அத்தோடு விடவில்லை. பாயிண்ட்டை நகர்த்தும் சிறு மோட்டாரின் அடியில் அது நகர்ந்ததைத் தெரிவிக்கும் தொடுமுனைகள் இருந்தன. அவற்றையும் அவர் ஏற்கவில்லை. மோட்டார் திரும்பலாம், மோட்டாரையும் தண்டவாளத்தையும் இணைக்கும் கம்பி ஒடிந்திருந்தால் தண்டவாளம் இருந்த இடத்திலேயே இருக்குமே! எனவே நகரும் தண்டவாளத்தின் அருகிலேயே ஒரு மைக்ரோ சுவிட்சை வைத்து, தண்டவாளமே வந்து தொட்டால்தான் விளக்கு எரியும்படி அமைக்கச் சொன்னார். உண்மையான ரயில் பாதையிலும் முறை இதுதானாம். நகர்த்தும் கோல் வேறு, நகர்ந்ததைச் சரிபார்க்கும் கோல் வேறு. 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் துண்டை இடையில் வைத்துச் சோதிப்பார்கள். அந்த அளவு இடைவெளி இருந்தாலே "பாயிண்ட் அமைந்தது" என்ற செய்தி பேனலுக்குப் போகக் கூடாது. விரல் நகத்தின் அகலம்கூட இல்லாத ஓர் இடைவெளிக்காக ஒரு விரைவு வண்டியையே நிறுத்தி வைப்பார்கள்.

வீடு திரும்பியபின் இதைப் பற்றி வாசித்தேன். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்தில் இத்தகைய ஒரு விளக்குக்குப் பெரும்பங்கு உண்டு. அழுத்தம் மிகுந்தபோது திறந்த வால்வு, மூடும்படி ஆணை போன பிறகும் மூடிக்கொள்ளாமல் சிக்கி நின்றது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ ஆணை போனதை மட்டுமே அறிந்தது. அது அணைந்ததைக் கண்டவர்கள் வால்வு மூடிவிட்டது என்று எண்ணினார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலையின் உட்பகுதியில் ஏறத்தாழ பாதி உருகிப்போயிற்று. அங்கிருந்தவர்கள் சோம்பேறிகளுமல்லர், பொய்யர்களுமல்லர். தங்கள் முன்னிருந்த விளக்கை நம்பினார்கள்.

நம் மண்ணின் துயரமும் உண்டு. 2023 சூன் 2ஆம் நாள் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி, ஒடிசாவின் பாலேசுவர் மாவட்டத்திலுள்ள பஹநாகா பஜார் நிலையத்தில் முதன்மைப் பாதைக்கான பச்சை விளக்கைப் பெற்றது. தண்டவாளமோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற சரக்கு வண்டியில் அது மோத, தடம்புரண்ட பெட்டிகளால் எதிர்ப்பாதையில் சென்ற இன்னொரு வண்டியும் சிக்கி, 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் மின்சுற்றில் முன்னொரு காலத்தில் செய்த மாற்றத்திலும், பின்னர் லெவல் கிராசிங் தடுப்புக் கதவை மாற்றும் பணியிலும் நேர்ந்த குறைகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. சரிபார்க்கும் ஏற்பாடு அங்கே இருந்தது. செய்தியைச் சுமந்து வரும் கம்பிதான் இடம் மாறிப் பொய் சொன்னது. அந்த நாள்களில் பெரியவர் தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்தே வைத்திருந்தார் என்று பேரன் பின்னர் என்னிடம் சொன்னான்.

இனி என் கதை. சென்னைக்கு வருமுன் நான் வேறொரு பங்கில் இருந்தேன். கணவனை இழந்த ஒரு தாய், தம் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு வந்தார். அலுவலகத்தில் இருந்தவரை அழைத்து, கட்டணத்தை நேரே பள்ளியில் செலுத்தும்படி சொன்னேன். செலுத்தினார், ரசீதும் வந்தது. குறிப்பேட்டில் அப்பெயருக்கு எதிரே ஒரு சரி அடையாளம் இட்டேன். அடுத்த தவணைக்கும் அவ்வாறே. ஓராண்டு கழித்து ஒரு திருமண வீட்டில் தற்செயலாகத் தெரியவந்தது: அந்தப் பெண், இரண்டாம் தவணை கட்டுவதற்கு முன்பே பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தாய்க்கு உடல் நலமில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மகள் ஒரு தையல் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். கட்டணம் சரியாகவே கட்டப்பட்டது. ரசீது உண்மையானது. என் ஆணை நிறைவேறியது, மோட்டார் திரும்பியது. தண்டவாளம் மட்டும் நகரவில்லை.

"உதவிதான் போய்க்கொண்டிருந்ததே, அவர்கள் வந்து சொல்லியிருக்கலாமே" என்று அப்போது எனக்கு நானே ஆறுதல் சொன்னேன். அவர்கள் வராததை நலத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன். மௌனம் சம்மதம் என்கிறோம் அன்றோ? ரயில் பாதையில் இந்தப் பழமொழி செல்லாது. 1872இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வகுத்த முறையில் தண்டவாளத்தின் வழியே மெல்லிய மின்னோட்டம் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அது வந்து சேரும்வரை மட்டுமே சிக்னல் வழிவிடும். வண்டி வந்து நின்றாலும், கம்பி அறுந்தாலும், பேட்டரி ஓய்ந்தாலும், ஓட்டம் நிற்கிறது; சிக்னல் சிவப்பாகிறது. அங்கே மௌனத்துக்கு ஆபத்து என்றே பொருள். ஏழைகளின் மௌனத்தை இவ்வாறு படிக்க எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை; அல்லது, சொல்லித் தந்தபோது நான் குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

தவறிய மனச்சான்றைப் பின்பற்றுகிறவன் குற்றவாளியா என்று புனித தாமஸ் அக்குவினாஸ் ஆராய்கிறார். மனச்சான்று சொல்வதற்கு மாறாகச் செய்வது பாவமே. ஆயினும் அதன்படி செய்தேன் என்பது மட்டுமே ஒருவனை விடுவித்துவிடாது. அவனுடைய அறியாமை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். அறிந்துகொள்ள வழியே இல்லாத அறியாமை உண்டு. முயன்றால் நீங்கியிருக்கும் அறியாமையும் உண்டு. பின்னதற்கு நாம் பொறுப்பாளிகள். இரண்டாம் வத்திக்கான் சங்கமும், உண்மையைத் தேடுவதில் அக்கறையற்றவனின் மனச்சான்று மெல்ல மெல்லப் பார்வை இழப்பதைப் பற்றிப் பேசுகிறது. என் அறியாமை எந்த வகை? அந்த வீடு பங்கு இல்லத்திலிருந்து மிதிவண்டியில் பத்து நிமிட தூரம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட இயலாது. எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தால் எவரும் எந்தப் பணியும் செய்ய முடியாது. ஒரு பங்கில் ஆயிரம் காரியம். உடன் உழைப்பவர்களை நம்ப வேண்டும்; நொடிக்கொரு தரம் "முடிந்ததா?" என்று கேட்பவர் அவர்களை அவமதிக்கிறார். அப்படிப்பட்ட மேலாளர்களின் கீழ் வேலை பார்த்து நொந்தவர்கள் நம்மில் பலர். இதைப் பெரியவரிடமே கேட்டேன். அவர் பேனலைக் காட்டினார். நேர்ப்பாதையில் அப்படி ஒரு விளக்கும் இல்லை. பாதை பிரியும் ஐந்து இடங்களில் மட்டுமே இருந்தது. "பிரியுற இடத்துல மட்டும் கேட்டாப் போதும். அதுவும் ஆளைக் கேக்கறது இல்லை ஃபாதர், தண்டவாளத்தைக் கேக்கறது. அதுல யாருக்கு என்ன கோபம்?"

இது முழுப் பதிலாகுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மனித வாழ்வில் எந்த இடத்தில் பாதை பிரிகிறது என்பது முன்கூட்டி வரைபடத்தில் தெரிவதில்லை. அந்தச் சிறுமியின் வாழ்வில் அது கட்டணத்தில் இருப்பதாக நான் நினைத்தேன்; அது தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததில் இருந்தது. ஆனாலும் அலுவலகப் பணியாளரிடம் நான் ரசீது கேட்டேனே தவிர, அச்சிறுமியிடம் ஒருமுறையும் எதையும் கேட்டதில்லை. கேட்க வேண்டியவரை விட்டுவிட்டு, கேட்க எளிதானவரைக் கேட்டேன். அவளுக்கு இப்போது இருபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். அந்தப் பழைய குறிப்பேட்டில் நான் இட்ட சரி அடையாளங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

பேனல் வேலை மேலும் நான்கு வாரம் நீண்டது. ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டச் செய்தார் பெரியவர். இரண்டு கம்பிகளுக்கு நான் எண் ஒட்ட மறந்ததைக் கண்டுபிடித்து, பிரித்து மறுபடி செய்யச் சொன்னார். பங்குத் தந்தை என்ற சலுகை கிடைக்கவில்லை. கடைசி நாளன்று சரிபார்த்தல். பெரியவர் பேனலின் முன் நாற்காலியில்; பேரன் பாயிண்ட்டுகளின் அருகே; நான் கையில் தாளும் எழுதுகோலுமாக. "ஒன்று, நேர்" என்பார் அவர். பையன் பாயிண்ட்டைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, "நேர்" என்பான். அதன் பிறகே விளக்கைப் பார்ப்போம், நான் எழுதுவேன். ஒன்று, இரண்டு, மூன்று சரியாக வந்தன. நான்காவதில் மேசைக்கடியில் மோட்டார் திரும்பிய ஓசை மூவருக்கும் கேட்டது. விளக்கு எரியவில்லை.

கையில் எழுதுகோலுடன் நான் காத்திருந்தேன். பையன் டார்ச்சுடன் குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

"தாத்தா, ஒட்டலை. நடுவுல ஒரு மணல் இருக்கு."

"எடு" என்றார் பெரியவர். "எடுத்துட்டு முதல்லேருந்து வா."

நான் தாளைத் திருப்பி, மறுபக்கத்தில் ஒன்று என்று எழுதினேன்.