உட்கார்ந்து பேசும் ஊர்

கூடாரம் ஒன்று வாங்கித் தரச் சொல்லி என் மகன் கேட்டபோது, பழவேற்காட்டில் மாமா வீடு இருக்கக் கூடாரம் எதற்கு என்றேன். காசை மிச்சம் பிடிக்கச் சொல்கிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். அத்திப்பட்டுப் புதுநகரில் எங்கள் தெருப் பையன்களுக்கு மே மாதம் பிறந்தால் இப்போது கேம்பிங் பேச்சுத்தான். யாரோ நாகலாபுரம் மலைப்பக்கம் போய் வந்தார்கள், யாரோ கடற்கரையில் தீ மூட்டிக் கோழி சுட்டார்கள், போட்டோ சுற்றுகிறது. போகட்டும், நல்லதுதான். வெட்டவெளியில் ஒரு ராத்திரி படுத்து வானத்தைப் பார்ப்பது எந்தப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டிய ஒன்று. எங்கள் பக்கம் புகைபோக்கி விளக்குகளைத் தாண்டி நட்சத்திரம் தெரிவதில்லை.

ஆனாலும் என் எண்ணம் வேறு. கூடாரம் போட்டுத் தங்குவது நம் வீட்டையே பாயாகச் சுருட்டிக்கொண்டு போய் இன்னோர் இடத்தில் விரிப்பது. நம் சாப்பாட்டு நேரம், நம் பாட்டு, நம் தூக்கம் எல்லாம் கூடவே வந்துவிடும். உறவுக்காரர் வீட்டில் அது நடக்காது. எப்போது எழுந்திருப்பது, எங்கே குளிப்பது, யாருக்கு முதலில் சோறு போடுவது என்பதெல்லாம் அந்த வீட்டு வழக்கம். விருந்தாளிக்கு மரியாதை உண்டு. விருந்தாளிக்காக வழக்கம் மாறாது. பிள்ளைகள் வேறொரு வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கொஞ்ச நாளாவது அதற்குள் அடங்கி இருந்து பார்க்க வேண்டும்.

மாமா என் அம்மாவின் அண்ணன். அம்மா பிறந்தது ஏரிக்கரைக் குப்பத்தில். அப்பாவுக்கு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்ததும் நாங்கள் அத்திப்பட்டுக்காரர்கள் ஆகிவிட்டோம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு தாண்டிப் பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காடு பஸ். தூக்குச்சட்டியில் புளிச்சோறு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மாற்றுத்துணி. அரை நாள்கூட ஆகாத பயணந்தான். மின்கோபுரங்கள் குறைந்துகொண்டே வந்து, வயல் வந்து, பிறகு காற்றில் உப்பு ஏறும்.

சிலிகா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரந்தான் நமக்கு. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று மேடும் புதருமாகக் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைத் தோட்டந்தான் செதுக்குவேலை கலையாமல் நிற்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பூநாரை பார்த்துவிட்டு, நண்டு வாங்கிக்கொண்டு போவார்கள். முன்பெல்லாம் படகுச் சவாரியும் உண்டு. 2011 கிறிஸ்துமஸ் அன்று குடும்பமாக வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு அதற்குத் தடை வந்தது. அந்த நாளைப் பற்றி மாமாவின் மனைவியான என் அத்தை இன்றுவரை விரிவாகப் பேசியதில்லை.

போன கோடையில் பிள்ளைகளின் ஆசை ஒன்றே ஒன்று. தாத்தா இறால் வலை கட்டுவதைக் கரையோரமாக நின்றாவது பார்க்க வேண்டும். மாமாவை அவர்கள் தாத்தா என்றும் அத்தையை ஆயா என்றும் கூப்பிடுவார்கள். நாங்கள் அங்கிருந்த ஒரு நாள் மாமாவுக்கு வலை கட்டும் முறை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நண்டு கடித்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார். ஊசி உள்ளே போய் வரும், வலைக்கண்ணின் அளவை விரலே சொல்லும், முடிச்சு விழும். மகள் எதிரில் குந்தியபடி எண்ணிக்கொண்டே இருந்தாள். ஒரு பையன் ஓடி வந்து, மேலண்டைத் தெருவில் பெரியம்மா ஒருத்தி இறந்துவிட்டதாகச் சொன்னான். மாமா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். வலையைச் சுருட்டினார், பரணில் வைத்தார், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கரையில் அன்று ஒரு படகும் அவிழவில்லை.

திரும்பி வந்ததும் மகள் கேட்டாள்: "போகக் கூடாதுன்னு யாரு தாத்தா சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஊர்க் கட்டு. எங்க தாத்தா காலத்துலயே உக்காந்து பேசி வெச்சது."

"மீறினா?"

"ஊருக்குத் தண்டம் கட்டணும்." கொஞ்சம் பொறுத்து, "தண்டம் கெடக்கட்டும். நாளைக்கு நம்ம வீட்ல ஒண்ணுன்னா எவன் வருவான்?" என்றார்.

அந்த ராத்திரி மாமாவுக்கு எவ்வளவு நஷ்டம் என்று பிள்ளைகளுக்குப் புரிய, பாடு முறையைச் சொல்ல வேண்டியிருந்தது. இறால் கடலில் பிறக்கிறது. குஞ்சாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகிறது. போகும் வழி முகத்துவாரம். இருட்டில் தண்ணீர் வற்றும்போது அந்த ஓட்டத்தோடு இறங்கும். ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் கழி ஊன்றி வலை கட்டுகிறவனுக்கு நல்ல பிடிப்பு. தள்ளி நிற்பவனுக்கு மிச்சம். ஒரே ஆள் தினமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஊரில் பாதி அடுப்பு எரியாது. இதற்குத்தான் பாடு. எந்த நாள் எந்த ஊருக்கு, எந்த இடம் யாருக்கு என்பதை முறை வைத்தும் சீட்டுப் போட்டும் பிரித்துக்கொள்கிறார்கள். கல்யாணம் ஆன ஆண் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. நல்ல இடம் இன்று எனக்கு வந்தால் அடுத்த முறை உனக்கு. பெரிய வலை வைத்திருக்கிறவனும் சின்ன வலைக்காரனும் அதே சீட்டைத்தான் எடுக்கிறார்கள். பல நாள் காத்திருந்து கிடைத்த முறை மாமாவுக்கு அன்றைக்கு ஒரு சாவோடு போயிற்று. அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடவில்லை என்று சொல்ல மாட்டேன், ஓடியது. ஆனாலும் பரணில் வைத்தார்.

இப்படிக் கூடிப் பேசி வைத்த கட்டோடு வாழும் இன்னொரு கூட்டத்தை என் தம்பி மூலம் தெரிந்துகொண்டேன். அவன் பென்சில்வேனியாவில் இருக்கிறான். கோடையில் மனைவி பிள்ளைகளோடு காடுகளில் கூடாரம் போட்டுத் தங்குகிற வழக்கம் அவனுக்கு உண்டு. போகிற வழியில் லங்காஸ்டர் பக்கம் ஆமிஷ் மக்களின் பண்ணைகளைக் கடந்து போவார்கள். சாம்பல் நிற மூடுவண்டியைக் குதிரை இழுத்துப் போவதை போனில் காட்டினான். ஐரோப்பாவில் 1693-ல் யாக்கோப் அம்மான் என்ற மதத்தலைவர் பின்னால் பிரிந்துபோன கூட்டம் அது. அடுத்த நூற்றாண்டில் அமெரிக்கா வந்து குடியேறினார்கள். இன்று மூன்று லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். பழசைக் கட்டிக்கொண்டு அழுகிற ஜனம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். தம்பி சொன்ன ஒரு சேதி என்னை நிறுத்தியது. போனை அவர்கள் அடியோடு விலக்கவில்லை. வீட்டுக்குள் வேண்டாம் என்று முடிவு செய்து, பண்ணை ஓரத்தில் சின்னக் கொட்டகை கட்டி அதில் வைத்திருக்கிறார்கள். வேண்டியவர் நடந்து போய்ப் பேசிவிட்டு வரலாம். மின்சாரமும் அப்படித்தான். பேட்டரி, கேஸ், காற்றழுத்தத்தில் ஓடும் இயந்திரம் எல்லாம் பல ஊர்களில் உண்டு. வெளியிலிருந்து வரும் கம்பியை மட்டும் வீட்டோடு இணைக்க மாட்டார்கள். அந்தக் கம்பி வந்தால் அதன் பின்னால் என்னென்ன வரும் என்று பேசி வைத்த முடிவு. ஒவ்வொரு சபையும் வருஷத்துக்கு இரண்டு தடவை, நற்கருணைக்கு முன்னால், தங்கள் கட்டுப்பாடுகளை எடுத்துவைத்து ஏற்றுக்கொள்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால் நற்கருணையே தள்ளிப்போகும்.

கம்பி புறப்படுகிற இடத்தில் குடியிருக்கிறவள் நான். எங்கள் தலைக்கு மேலேதான் அது தொடங்குகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் மூன்று அலகுகள், தலா 210 மெகாவாட், 1994-க்கும் 1996-க்கும் இடையில் ஓடத் தொடங்கின. இப்படிப்பட்ட திட்டங்களுக்கு மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் கட்டாயம் என்று சட்டம் வந்தது 1997-ல். கேட்க வேண்டும் என்று நாடு முடிவு செய்தபோது எங்கள் ஊரில் புகை கிளம்பியாகிவிட்டது. பிறகு இரண்டாம் கட்டம் வந்தது, வல்லூர் நிலையம் வந்தது, காமராசர் துறைமுகம் வந்தது, காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. இவற்றால் எங்கள் வீட்டில் உலை வைத்தோம், தம்பி படித்தான். இதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை உதறி எடுப்பதும், கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்து கிடப்பதும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் மிதந்ததும் அதே கணக்கில்தான் வருகின்றன. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, ஏற்கலாமா என்று அத்திப்பட்டு ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. உட்கார இடமே இருந்ததில்லை. வேலையைப் பொறுத்து நாங்கள் பிரிந்து கிடக்கிறோம்: நிரந்தரம், ஒப்பந்தம், லாரி, கடை. பக்கத்து வீட்டில் சாவு விழுந்தாலும் ஷிப்டு நிற்காது. நிற்கவும் முடியாது, கொதிகலனை அப்படி அணைக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனால் நிற்கக்கூடிய எத்தனையோ காரியங்களையும் நாங்கள் நிறுத்துவதில்லை.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். ஆளுக்கொரு போன் எங்கள் வீட்டுக்குள் வந்தது யார் முடிவு? பைக்குத் தவணை, ஞாயிற்றுக்கிழமை டியூஷன், ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாடு, எதையும் நாங்கள் கூடிப் பேசி வரவழைக்கவில்லை. ஒவ்வொன்றாக வந்தது, இடம் பிடித்தது. மாமா வீட்டில் தங்கியபோது எனக்கு உறைத்தது இதுதான். அவரிடம் நம்மைவிடக் குறைவாகவே இருக்கிறது. ஆனால் இருப்பதில் எது ஏன் இருக்கிறது என்று அவரால் சொல்ல முடிகிறது. படகுக்கு இன்ஜின் வந்ததும், நூல் வலை போய் நைலான் வலை வந்ததும் எப்போது, யார் யார் மறுத்தார்கள், கடைசியில் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை அவரிடம் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. பாடு ஒரு சாதிக்குள் ஓடுகிற முறை. அதே ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பறியைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை. மற்ற சாதி மீன்பிடிப்பவர்கள் பங்கு கேட்டுச் சண்டை நடந்ததும் உண்டு. பெண்களுக்கும் இல்லை. பிடித்ததைத் தலையில் சுமந்து விற்றுக் காசாக்குகிறவள் பெண். சீட்டு எடுக்கிறவன் ஆண். என் அம்மா அந்தக் குப்பத்தில் பிறந்தும் அவளுக்கு ஏரியில் ஒரு முழ இடம் இருந்ததில்லை. ஆமிஷ் ஊர்களிலும் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பிள்ளைகளின் படிப்பை நிறுத்திக்கொள்ளும் உரிமையை 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாங்கினார்கள். ஞானஸ்நானம் பெற்ற பிறகு வெளியேறுகிறவரைச் சொந்த வீட்டாரே விலக்கி வைப்பார்கள். கூடிப் பேசி முடிவெடுக்கிற ஊரில், கூட்டத்தில் யாருக்கு இடம் என்பதை யார் முடிவு செய்தது என்ற கேள்வியும் உண்டு. அதைக் கேட்காமல் விட்டால் நான் பார்த்தது பாதிதான்.

மறுநாள் அதை என் மகளே கேட்டாள். ஆயாவோடு உட்கார்ந்து மடவை மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். விருந்தாளி என்று யாரும் அவளைச் சும்மா விடவில்லை. அதில் அவளுக்குச் சந்தோஷம். செதில் ஒட்டின கையோடு நிமிர்ந்து, "தாத்தா, அண்ணனுக்குக் கல்யாணம் ஆனா அவனுக்குப் பாடு உண்டா?" என்றாள்.

"அவன் இந்த ஊர் இல்லயேம்மா. இங்கயே இருந்தா உண்டு."

"நான் இங்கயே இருந்தா?"

மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். "பொம்பளைக்கு வழக்கமில்ல."

"வழக்கத்த ஊரு உக்காந்து பேசித்தானே வெச்சதுன்னீங்க?"

மாமா கோபப்படவில்லை. நைலான் வலை வந்த கதையை அவர்தான் முந்தின நாள் அவளுக்குச் சொல்லியிருந்தார். "அத ஊர்லதான் கேக்கணும்" என்றார். கோயில் முன்னால் ஊர் கூடும்போது பெண்கள் உட்காருவதில்லை. கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதையும் மகள் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் மீன் அறுத்துக்கொண்டிருந்த அத்தை அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஆடிக் கூழு ஊத்தறதுக்கு முன்னாடி ஊர் கூடுவாங்க. வா. நானும் கூட நிக்கிறேன், நீ கேளு."

ஆடியில் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். இரண்டு நாள் லீவு எழுதிக்கொடுத்துக் கூட்டிப் போவதாக இருக்கிறேன். மகனும் வருகிறேன் என்கிறான். என் அம்மா, மூட்டுவலியோடு, தானும் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.