உரிமையும் சலுகையும்

அரசியல் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது நாடாளுமன்றம், அதற்கடுத்துச் சட்டமன்றம். அங்கு யார் வென்றார், யார் தோற்றார், யார் எக்கட்சிக்குத் தாவினார் என்பன குறித்துத் தேநீர்க் கடைகளில் நாள் முழுதும் வாதிடுவோர் பலர். ஆனால், தம் வீட்டு வாசலுக்கு வெளியே ஓடும் வடிகாலைத் தூர்வார வேண்டிய பொறுப்பு யாருடையது என்று கேட்டால், அவருள் பெரும்பாலோர் விழிப்பர். நாட்டின் தலைநகரை ஆள்வது அரசியல் என்றால், நம் தெருவின் குப்பையை அள்ளுவதும், சந்திவிளக்கை எரியச் செய்வதும், இரவுச் சந்தைக்கு இடம் ஒதுக்குவதும் அரசியலே. இந்தச் சிறிய அரசியலில் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பது நம் வசதியைப் பற்றிய வினா மட்டுமன்று; நம் மானத்தைப் பற்றிய வினாவுமாகும்.

நகரத்து வாழ்வென்பது பெரும்பாலும் சில்லறை அலுவல்களால் ஆனது. மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், பதிவு அலுவலகம், அஞ்சலகம், கடை உரிமம், மதிப்பீட்டு வரி என ஒவ்வொரு முகப்பிலும் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு காத்திருப்பு. ஊராட்சி மன்ற முகப்பில் நின்று தம் வீட்டு வரியைக் காசாகச் செலுத்திய முதியவர், அப்பணத்தைப் பெற்றுக்கொண்ட எழுத்தரையே இரு கைகூப்பி வணங்கி விடைபெறுவதை நான் ஒருமுறைக்குப் பன்முறை கண்டிருக்கிறேன். அது நற்பண்பு என்று சொல்லிவிடலாம். பண்பில் இருவகை உண்டு. நிகரானவனுக்குக் காட்டும் மரியாதை ஒன்று. நம் காரியம் கெட்டுவிடுமோ என்ற அச்சத்தால் குனியும் பணிவு மற்றொன்று. அம்முதியவரின் கைகூப்பில் இரண்டும் கலந்திருந்தன. பின்னது எங்கிருந்து வந்தது என்று ஆராய்வது நம் கடமையாகும்.

கோலசிலாங்கூர் வட்டாரமும் அதனை ஒட்டிய வடசிலாங்கூர்த் தோட்டங்களும் அதற்கு விடை கூறும். பத்தாங் பெர்ஜுந்தாய் என்று முன்பு வழங்கி, 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரின் அருகே தென்னமரம் தோட்டம் உள்ளது. 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீட்டை அங்கேதான் தொடங்கினார். உலகச் சந்தையை எட்டிய ஒரு பெருந்தொழில் பிறந்த மண் தமிழ்ப் பெயர் தாங்கி நிற்கிறது என்பது நமக்குப் பெருமையே. ஆனால், அம்மண்ணில் உழைத்தோர்க்கு அம்மண்ணின் நிருவாகத்தில் எவ்விதப் பங்கும் இருந்ததில்லை.

தோட்டம் ஒரு தனி உலகம். லயம் தோட்டத்தினுடையது, தண்ணீர்க் குழாய் தோட்டத்தினுடையது, மருந்தகம், பிள்ளைக் கொட்டகை, கோவில் நிலம், பள்ளிக்கூடம் அனைத்தும் தோட்டத்தின் எல்லைக்குள் அடங்கியவை. கூரை ஒழுகினால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி கிராணியிடம் சொல்வார். கிராணி துரையிடம் சொல்வார். துரை மனம் வைத்தால் கூரை மாறும். நல்ல துரைமாரும் இருந்தனர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. எனினும், நல்லவர் அளித்தாலும் தீயவர் மறுத்தாலும், கேட்பவன் நிலை ஒன்றே: அவன் கேட்பவன், கொடுப்பதும் மறுப்பதும் பிறர் விருப்பம். தலைமுறை தலைமுறையாக இவ்வாறு வாழ்ந்த ஒரு சமூகத்தின் முதுகெலும்பில் இப்பழக்கம் படிந்துபோனதில் வியப்பில்லை.

அதனை நம் முன்னோர் உணராமல் இருந்தனர் என்று எண்ணுவது தவறு. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை நினைவுகூர்தல் வேண்டும். கூலி உயர்வு கேட்ட அத்தொழிலாளர், அதனோடு இன்னொன்றும் கேட்டனர். துரையையோ தோட்ட அதிகாரிகளையோ எதிரே கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. வயிற்றுக்காகப் போராடியவர்கள் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமைக்காகவும் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். பெறுவது எவ்வளவு என்பதைப் போலவே பெறும் விதம் எத்தகையது என்பதும் முக்கியம் என அவர்கள் அறிந்திருந்தனர்.

பின்னர்த் தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, பல அழிந்து வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் கோலசிலாங்கூரிலும் ரவாங்கிலும் கிள்ளானிலும் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். 2011-இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை கோலாலம்பூரை இன்னும் அருகில் கொண்டுவந்துவிட்டது. தோட்டத்து மகன் நகரத்தான் ஆனான். துரை போய்விட்டார். ஆண்டிற்கு இருமுறை மதிப்பீட்டு வரி கட்டும் வீட்டுடைமையாளன் அவன். வடிகால் தூர்வாரப்படுவது அவ்வரியின் பயன். யாருடைய கருணையும் அன்று. ஆனால், நடப்பது என்ன? வடிகால் அடைத்துக்கொண்டால் அவன் முதலில் தேடுவது மன்ற அலுவலகத்தை அன்று, “நமக்குத் தெரிந்த ஆள் யார்?” என்பதையே. கங்காணி இருந்த இடத்தில் கட்சிக் கிளைத் தலைவர் நிற்கிறார். துரை இருந்த இடத்தில் சட்டமன்ற உறுப்பினர் நிற்கிறார். ஏணி மாறவில்லை, ஏணியின் படிகளில் நிற்போர் மட்டுமே மாறியுள்ளனர்.

இதற்குப் பழக்கம் மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. நாட்டின் அமைப்பும் ஒரு காரணம். இந்நாட்டில் ஊராட்சிக்குத் தேர்தல் நடந்த காலம் உண்டு. 1951-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜோர்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராண்மைக் கழகத் தேர்தல்கள் நடந்தன. நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பே மக்கள் வாக்குச்சீட்டின் சுவையை அங்கேதான் அறிந்தனர். கோலாலம்பூரில் அவ்வுரிமை 1961-இலேயே முடிவுற்றது. ஏனைய இடங்களில், இந்தோனேசியாவுடன் பகைமை நிலவிய 1965-ஆம் ஆண்டில் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. நிலைமையை ஆராய ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன், தலைமையில் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே வேண்டும் என்று அவ்வாணையம் பரிந்துரைத்தது. ஆயினும், 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. தேர்தல் மீண்டும் வந்தால் செலவு பெருகும், இனப் பூசல் வளரும் என்பார் ஒருசாரார். வரி கட்டுவோனுக்கு வாக்கு வேண்டும் என்பார் மறுசாரார். இவ்வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: நம் வாக்கினால் அமராத ஒருவரிடம் நாம் கேட்கும்போது, உரிமையும் மெல்லச் சலுகையின் உடையை அணிந்துகொள்கிறது.

இவ்விடத்தில் நம்மவர் உத்தரமேரூர்க் கல்வெட்டை நினைவூட்டுவர். அதுவும் சரியே. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்தனர். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டனர். ஒன்றும் அறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனப் பொறுப்புகளைப் பகுத்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் வர இயலாது. கணக்குக் காட்டாதவன் ஆளத் தகான் என்ற அவ்விதி ஆயிரம் ஆண்டு கழிந்தும் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. எனினும், பெருமை பேசுவோர் மற்றொன்றையும் சொல்லுதல் வேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் உடையார்க்கே அங்கு இடம். கூலிக்கு உழைத்தவன் பெயர் அக்குடத்தில் விழுந்ததில்லை. ஆகவே, நம் உரிமையைப் பழம்பெருமையில் தேடினால் பாதியே கிடைக்கும். மறுபாதியை நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

இனி மூல வினாவுக்கு வருவோம். வடிகால் சுத்தமானால் போதாதா? அது உரிமையால் சுத்தமானால் என்ன, சலுகையால் சுத்தமானால் என்ன? தண்ணீர் இரண்டிலும் ஓடத்தானே செய்யும்?

தண்ணீர் ஓடும். ஆனால் மனிதர் வேறாகின்றனர். 2007 ஏப்ரலில் ஈஜோக் சட்டமன்றத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலை எண்ணிப் பாருங்கள். தோட்டத் தமிழர் கணிசமாக வாழும் அத்தொகுதி ஓரிரு வாரங்கள் நாட்டின் கண்களுக்கு நடுவே இருந்தது. நெடுநாள் கேட்பாரற்றுக் கிடந்த சாலைகள் அந்நாள்களில் தார் கண்டன. வசதிகள் விரைந்து வந்தன. மக்கள் மகிழ்ந்தனர், அவர்களைக் குறைகூற இயலாது. ஆயினும், அச்சாலை சொல்லாமற் சொல்லிய பாடம் யாது? பணம் இருந்தது, ஆளும் இருந்தது, இயந்திரமும் இருந்தது. நம் தேவை மட்டும் அதுவரை கணக்கில் இல்லை என்பதே. பரிசாக வரும் சாலை, பரிசளிப்பவர் சென்றபின் குழி விழுந்தால் கேட்க ஆளில்லை. உரிமையாக வரும் சாலைக்கு மறுநாளும் கேள்வி உண்டு. சலுகை நன்றியை எதிர்பார்க்கிறது. உரிமை கணக்கை எதிர்பார்க்கிறது. கணக்குக் கேட்க வேண்டியவன் நன்றி சொல்லப் பழகிவிட்டால், கொடுப்பவனும் கெடுகிறான், பெறுபவனும் கெடுகிறான். கொடுப்பவனுக்குத் தன் கடமை வள்ளன்மையாகத் தோன்றுகிறது. பெறுபவனுக்குத் தன் உடைமை பிச்சையாகத் தோன்றுகிறது.

“ஏழை கொள்கை பேசிக்கொண்டு காத்திருக்க முடியுமா?” என்ற மறுப்பு எழும். நியாயமான மறுப்பே. வீட்டுக்குள் வெள்ளம் புகும்போது தெரிந்தவரை அழைப்பது தவறன்று. ஆனால், உதவுவோரிலும் இருவர் உண்டு. ஒருவர், “என்னிடம் விட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பார். அடுத்த முறையும் அவர் வாசலுக்கே நாம் செல்ல வேண்டும். மற்றவர், எங்கு எழுதுவது, எவ்வாறு எழுதுவது, பதில் வராவிடில் அடுத்து என்ன செய்வது என்று காட்டுவார். அடுத்த முறை அவர் தேவைப்படமாட்டார். முன்னவர் ஆதரவாளர்களைப் பெருக்குகிறார். பின்னவர் குடிமக்களைப் பெருக்குகிறார். நைகல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டுப் பல ஆண்டுகள் கூடிநின்ற வரலாறு நமக்கு அருகிலேயே உள்ளது. கொடுத்த வாக்கு நிறைவேற வேண்டும் எனச் சோர்வின்றி நினைவூட்டியதே அவர்கள் கையாண்ட வழி. அது இரத்தல் அன்று.

வாக்கு இல்லை என்பதால் வழியே இல்லை என்றும் எண்ணற்க. அதே 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, மன்றம் வேறு தீர்மானம் செய்தாலன்றி அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்க்கும் திறந்தவை என்கிறது. அக்கதவைத் தட்டிய தமிழர் எத்தனை பேர்? உள்ளூர் நிலத் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படுங்கால் எழுத்தால் மறுப்புரைக்கவும் சட்டம் இடந்தருகிறது. நம் பள்ளிக்கும் கோவிலுக்கும் அருகே என்ன வரப்போகிறது என்பதை அங்கே காணலாம். கட்டடம் எழுந்தபின் கண்ணீர் வடிப்பதினும், வரைபடம் விரித்திருக்கும்போது கண் திறப்பது நன்று.

உரிமை கேட்போன் கைகள் தூய்மையாக இருத்தலும் வேண்டும். மன்றம் வடிகாலைத் தூர்வாரவில்லை என்று கடிதம் எழுதிய கையே மறுநாள் அவ்வடிகாலில் நெகிழிப் பையை வீசுமாயின், அக்கடிதத்திற்கு மதிப்பேது? சிலாங்கூர் ஆறு நமக்கு இதனைக் கற்பிக்கிறது. மேல்நிலத்தில் தோன்றி வரும் அவ்வாற்று நீரே கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதிக்குக் குடிநீர். மிஞ்சியது பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து, கம்போங் குவாந்தானின் மின்மினிப் பூச்சிகள் மின்னும் மரங்களைத் தொட்டு, கோலசிலாங்கூரில் கடல் சேர்கிறது. ஓரிடத்தில் எறிந்த அழுக்கு மற்றோரிடத்தில் ஒருவனுக்கு நோயாகிறது. நகரத்தானும் தோட்டத்தானும் ஒரே ஆற்றின் இரு குடத்தினர்.

ஆசிரியப் பெருமக்களே, இதில் நமக்குரிய பங்கு யாது? நம் வகுப்புகளில் புகார்க் கடிதம் எழுதப் பயிற்றுகிறோம். குப்பை அகற்றப்படவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று மாணவர் ஆண்டுதோறும் எழுதுகின்றனர். இல்லாத ஒரு தாமானிலிருந்து, இல்லாத ஒரு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக எழுதும் அக்கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி, மதிப்பெண் இட்டு மூடிவைக்கிறோம். ஆண்டிற்கு ஒரு கடிதமாவது உண்மையான குறையைப் பற்றி, உண்மையான முகவரிக்கு, உண்மையான அஞ்சலில் செல்லட்டும். பதில் வந்தால் வகுப்பில் படிப்போம்; வராவிடில் நினைவூட்டுக் கடிதம் எழுதக் கற்பிப்போம். “கருணை கூர்ந்து” என்று மாணவன் எழுதியிருந்தால், மரியாதையைக் குறைக்காமல் அச்சொல்லை மட்டும் அடித்துவிட்டு, “சட்டப்படி” என்று எழுதக் காட்டுவோம். இலக்கணத் திருத்தத்தினும் பெரிய திருத்தம் அதுவாகும்.

மாணவச் செல்வங்களே, 2021 டிசம்பர் முதல் இந்நாட்டில் 18 வயது நிரம்பியோர்க்கு வாக்குரிமை உண்டு. பெயர்ப்பதிவும் தானாகவே நிகழ்கிறது. பள்ளி வாயிலைக் கடந்த சில மாதங்களிலேயே நீங்கள் நாட்டின் ஆட்சியைத் தீர்மானிப்பவர் ஆகிறீர்கள். ஆனால் வாக்களிப்பது ஐந்தாண்டுக்கு ஒருநாள் வேலை. வரிசையில் முறைகேடின்றி நிற்பதும், முகப்பில் நிமிர்ந்து பேசுவதும், பெற்றதற்குச் சீட்டுக் கேட்பதும், பக்கத்து வீட்டு முதியவரின் கடிதத்தை அவர் பெயரிலேயே எழுதித் தருவதும் அன்றாட வேலை. அன்று மிதிவண்டியை விட்டு இறங்க மறுத்தோரின் பெயர்களுள் பெரும்பாலானவை நமக்குத் தெரியா. அவர்கள் கேட்டது மட்டும் தெரியும். வரி கட்டிய கை நடுங்காமல் தன் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு, இன்முகத்தோடு நன்றி கூறி, நேர்நிமிர்ந்து திரும்பும் நாளில்தான் அவர்கள் கேட்டது முழுமையாகக் கிடைத்தது எனலாம்.