உடன் செல்வதா, தன்வழி விடுவதா?

எல்லோரும் வரலாம் என்று ஒரு சங்கம் தன் வாயிலில் எழுதி வைப்பது எளிது. வந்தவரை அது எவ்வாறு நடத்துகிறது என்பதில்தான் அதன் இயல்பு வெளிப்படும். இதனை வெறுங் கோட்பாடாகப் பேசாமல், ஓர் உண்மை அமைப்பை முன்வைத்து ஆராய்வது நலம். நெடுந்தூர மிதிவண்டிப் பயணத்துக்குரிய 'ஆடாக்ஸ்' இயக்கத்தை எடுத்துக்கொள்வோம். சைக்கிள் விடுவதில் அறம் என்ன வந்தது என்று சிலர் நகைக்கலாம். சற்றே பொறுத்தருள்க.

ஆடாக்ஸ் என்பது துணிவுள்ளவன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். 1897இல் இத்தாலியர் சிலர் உரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை ஏறத்தாழ 230 கிலோமீட்டரை ஒரே பகற்பொழுதில் மிதித்துக் கடந்தனர். அதிலிருந்து வந்த பெயர் இது. 'தூர் த பிரான்ஸ்' பந்தயத்தை 1903இல் தோற்றுவித்த ஆன்றி தெக்ராஞ்ச், மறு ஆண்டே இக்கருத்தைப் பிரான்சில் நிலைநாட்டினார். அவர் வகுத்த முறையில் அனைவரும் ஒரே குழுவாகச் செல்ல வேண்டும். முன்னே ஒரு தலைவர் குறித்த வேகத்தில் செல்வார். அவரை முந்திச் செல்ல எவருக்கும் உரிமையில்லை. 1904இலேயே 'ஆடாக்ஸ் க்ளப் பாரிசியேன்' என்னும் சங்கமும் எழுந்தது. ஆனால் 1921இல் அச்சங்கம் தெக்ராஞ்சின் வழியை விட்டு விலகி, அவரவர் தத்தம் வேகத்தில் செல்லும் முறையை மேற்கொண்டது. பழைய முறையை விடாதோர் தனிச் சங்கம் கண்டனர். இரண்டும் இன்றளவும் வாழ்கின்றன.

இவ்விரண்டனுள் அனைவரையும் அரவணைத்துச் செல்வது எது?

முதற் பார்வையில் குழுமுறையே உயர்ந்ததாகத் தோன்றும். அங்கே வலியவன் தன் வலிமையை அடக்கிக்கொள்கிறான்; மெலியவன் பின்தங்கித் தனித்துப் போவதில்லை. ஒருவன் டயர் பஞ்சரானால் அவனைத் தனியே விட்டுச் செல்வது அம்முறையின் இயல்பன்று. எனினும், அக்குழுவின் வேகம் இன்று மணிக்கு 22.5 கிலோமீட்டர். அவ்வேகத்தை எட்ட இயலாத முதியவருக்கு அந்த அன்புக் கூட்டமே ஒரு மதிற்சுவராகி விடுகிறதன்றோ? உள்ளே இருப்பவர்க்குத்தான் அரவணைப்பு. வெளியே நிற்பவர்க்கு இல்லை.

தன்வேக முறையிலோ வாயில் அகலமானது. உண்ணவும் உறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில் சென்றாலே போதும். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி. 600 கிலோமீட்டருக்கு 40 மணி. முதலில் வந்தவனுக்குப் பரிசில்லை, தரவரிசையும் இல்லை. மிக விரைந்து வருவோனுக்கும் ஒரு வரம்புண்டு. முத்திரையிடும் நிலையம் திறக்கும் முன்பே வந்துவிட்டால் அவன் காத்திருக்கத்தான் வேண்டும். செல்வர் தம் காரைப் பின்னே ஓட்டிவரச் செய்து வழிநெடுக உதவி பெறுவதும் கூடாது. அத்தகைய உதவி நிலையங்களில் மட்டுமே. பணத்தின் வலிமையை இவ்விதி ஒருவாறு மட்டுப்படுத்துகிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி இதுவே.

ஆனால் நள்ளிரவில் சங்கிலி அறுந்து நிற்பவனுக்காக நின்றாக வேண்டும் என எவரையும் இம்முறை கட்டாயப்படுத்துவதில்லை. நிற்பவன் தன் மனத்தால் நிற்கிறான். தன் நேரத்தை இழந்து நிற்கிறான். குழுமுறையில் விதி செய்யும் வேலையை இங்கே இரக்கம் செய்கிறது. விதியால் விளையும் உதவி உறுதியானது. மனத்தால் விளைவது உறுதியற்றது, ஆயினும் மெய்யானது. பின்னதையே நான் உயர்வாக மதிப்பேன். நின்று காத்திருக்கும் நிலையில் உள்ளவர் இதற்கு மாறாகவும் கருதலாம், அதில் தவறில்லை.

இனி, வாயிலுக்கே வராதவரைப் பற்றிய வினா. பாரிசிலிருந்து பிரெஸ்ட் வரை சென்று மீளும் 1200 கிலோமீட்டர் ஓட்டம் 1891இல் பந்தயமாகத் தொடங்கியபோது பெண்களுக்கு அனுமதியில்லை. 1931இல் அதே தொலைவைப் பெண்களும் ஓட்டி முடித்தனர். இன்று எந்த விதியும் எவரையும் தடுக்கவில்லை. ஆயினும் அவ்வோட்டத்தில் சேர, அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர்களை முடித்திருத்தல் வேண்டும். இரவெல்லாம் சாலையில் செல்லும் துணிவு வேண்டும், விடுமுறை வேண்டும், நல்ல வண்டியும் வேண்டும். நம் நாட்டிலும் இம்முறை ஓட்டங்கள் நடைபெறுகின்றன. இரவுச் சாலையை அஞ்சும் பெண்ணையும், ஞாயிறும் கடை திறக்கும் தொழிலாளியையும் விதி விலக்கவில்லை, வாழ்க்கை விலக்குகிறது. இதற்குச் சங்கம் பொறுப்பாகுமா?

முழுப்பொறுப்பு ஆகாது. கடிகாரத்தைத் தளர்த்துவதும் தீர்வன்று. அருமையை நீக்கிவிட்டால் அங்கே வந்து பெறுவதற்கு எதுவும் எஞ்சாது. ஆனால் விதிநூல் தூய்மையாக உள்ளது எனக் கைகட்டி இருப்பதும் தகாது. விடியலில் தொடங்கினால் 200 கிலோமீட்டரை இருட்டுவதற்குள் முடிக்க இயலும். புதிதாய் வருவோருக்குப் பழகியவர் ஒருவரைத் துணை சேர்த்தனுப்பலாம். பழைய வண்டியோடு வருபவரை ஏளனமாக நோக்காதிருக்கலாம். இவற்றுக்கு எந்த விதியையும் மாற்ற வேண்டியதில்லை.

பாரிஸ் ஓட்டத்தில் பெரும்பாலோர்க்கு உரிய எல்லை 90 மணி. அதனைச் சற்றே கடந்து, 1200 கிலோமீட்டரையும் மிதித்து முடித்து ஒருவர் வந்து சேர்கிறார். அவர் பெயர் முடித்தோர் பட்டியலில் ஏறாது. அது முறையே. ஆனால் அவ்வேளையில் நிலையத்தில் விளக்கெரிய ஒருவர் விழித்திருந்து, ஒரு குவளை சூடான பானத்தை அவர் கையில் தருகிறாரா என்பதை அறியவே நான் விரும்புவேன்.