புள்ளியும் மதிப்பும்

புலம்பெயர்ந்து வாழும் நம்மிடையே "எத்தனை புள்ளி?" என்பது நலம் வினவுதல்போல் ஆகிவிட்டது. 1967இல் கனடா, கல்வி, தொழில்திறன், வயது, மொழியறிவு முதலியவற்றுக்குப் புள்ளி வகுத்து, நூற்றுக்கு ஐம்பது பெற்றோரை ஏற்கத் தொடங்கியது. 2015இல் தரவரிசை முறை வந்தபோதும் அடிப்படை அதுவே. பிறந்த நாட்டையும் நிறத்தையும் பார்த்துக் கதவடைத்த பழைய முறையினும் இது மேலானதே. எனினும் அது அளப்பது அந்நாட்டின் தேவையை. நம் மதிப்பை அன்று. முதிய பெற்றோரைப் பேணிக் கழித்த ஆண்டுகளுக்கு அதில் புள்ளி இல்லை. அவ்வாண்டுகள் கூட்டிய வயதுக்கோ குறைப்பு உண்டு. ஆதலின் புள்ளி குறைந்தவர் தாழ்ந்தவர் அல்லர்.

ஏற்பதற்கு உரியவர் யார் என்பது அடுத்த வினா. அந்தமானின் பாராடாங் தீவில், 1918 முதல் ராஞ்சிப் பகுதியிலிருந்து காட்டுவேலைக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழியினர் வாழ்கின்றனர். அவர்களிடம் எவரும் புள்ளி கேட்கவில்லை, தோள்வலியே போதுமாயிற்று. தென் அந்தமானிலிருந்து அங்குச் செல்லும் நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடறுக்கிறது. வருவோரை ஏற்பீரோ என்று அம்மக்களை எவரும் வினவவில்லை. கனடாவின் ஆதிகுடிகளின் கதையும் வேறன்று.

நுழையும் தகுதியை அரசுகள் எண்ணட்டும். நுழைந்தபின் வேண்டும் தகுதியை நாமே அளந்துகொள்ளல் வேண்டும். முன்பே இருந்தோர்க்கு நாம் தரும் மதிப்பும், பின்னே வருவோர்க்கு விடும் இடமுமே அதற்கு அளவுகோல்.