நாய்க்கு இத்தனை செலவோ?

எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு குடும்பம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனுக்குப் போய்க் குடியேறியது. கணவனுக்கு அங்கே வேலை கிடைத்தது; மனைவியும் இரு பிள்ளைகளும் உடன் சென்றார்கள். இவ்வளவும் யாழ்ப்பாணத்தில் இன்று ஒரு செய்தியே அல்ல. அவர்கள் தங்கள் நாயையும் கொண்டுபோனார்கள் என்பதுதான் செய்தியாயிற்று. அது உயர்ந்த இனத்து நாயுமல்ல; யாரோ படலையடியில் விட்டுப்போன மண்ணிறக் குட்டி, வளர்ந்து ஊர்நாயாகவே நின்றது. கோவில் வாசலிலும் சந்தையிலும் ஒரு கிழமைக்கு இதே பேச்சு. "மனிதர் பட்டினி கிடக்கிற நாட்டில் நாய்க்குப் பிளேனோ?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன் என்பதை, வாசகரே, முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அந்தக் கேள்வி அற்பமான கேள்வி அன்று. இலங்கையிலிருந்து ஒரு நாயைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோவது எத்தகைய வேலை என்பதைப் பின்னரே அறிந்தேன். முதலில் அதன் தோலுக்கடியில் அரிசியளவான ஓர் அடையாளச் சில்லை ஏற்றவேண்டும். பின்பு விசர்நோய்த் தடுப்பூசி. குறைந்தது 30 நாட்கள் சென்றபின் இரத்தம் எடுத்து, ஊசி பிடித்திருக்கிறதா என்று பரிசோதிக்கவேண்டும். அது சரியென்றாலும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் காத்திருக்கவேண்டும். புறப்படுமுன் நாடாப்புழுவுக்கு மருந்து. விமானத்திலோ அது பயணியாக அன்றிச் சரக்காகவே அந்நாட்டினுள் நுழையலாம். 2011 முடியும்வரை நம் போன்ற நாடுகளிலிருந்து போகும் நாய் அங்கே ஆறு மாதம் தனிக்கூட்டில் இருக்கவேண்டும் என்பது சட்டம். 1968இல் எலிசபெத் ரெய்லரும் றிச்சர்ட் பேட்டனும் இந்தச் சட்டத்துக்கு அகப்படாமல், தங்கள் நாய்களைத் தேம்ஸ் நதியில் ஒரு வாடகைப் படகில் வைத்திருந்தார்கள் என்பது அந்நாளில் உலகெங்கும் பேசப்பட்ட கதை. கரையில் மனிதர், படகில் நாய்கள்!

இதெல்லாம் பணம். திருச்சபை 1992இல் வெளியிட்ட மறைக்கல்வி நூல் இந்த விடயத்தை இரு பக்கமும் பார்க்கிறது. விலங்குகளைத் தேவையின்றி வருத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாது என்கிறது; மனிதத் துயரைத் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை அவற்றுக்கு இறைப்பதும் தகாது என்கிறது. இரண்டாவதைத்தான் நாம் அந்தக் குடும்பத்துக்கு எதிராக எடுத்துக்கொண்டோம். ஆயினும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். அதே ஆண்டில் எங்கள் ஒழுங்கையில் நடந்த ஒரு கலியாணத்தில், ஆகாயத்தில் பறந்து படம்பிடிக்கும் கருவிக்கும் அலங்கார வளைவுக்கும் போன பணத்தை ஏழைக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, இரண்டாம் முறை பாயாசம் வாங்கிக் குடித்தேன்.

நான் ஏன் அந்த நாயின்மேல் அத்தனை கோபங்கொண்டேன் என்பதை யோசித்துப் பார்த்தேன். விடை 1995இல் கிடந்தது.

அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களுள் நாங்களும் சேர்த்தி. எங்களிடமும் ஒரு நாய் நின்றது. கட்டை அவிழ்த்துவிட்டு, குசினி வாசலில் ஒரு சட்டி சோறும் வைத்துவிட்டு இறங்கினோம். அது பின்னாலேயே வந்தது. சந்தியடியில் சனநெரிசல்; கைக்குழந்தைகளும் கிழவர்களும் அகப்படுகிற இடத்தில் நாயை யார் பார்ப்பது? ஐயா குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தார். அது எட்டப் போய் நின்று பார்த்தது. மறுபடியும் வந்தது. மறுபடியும் எறிந்தார். அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது சட்டி அங்கேயே இருந்தது.

ஐயா செய்தது பிழையென்று நான் சொல்லமாட்டேன். உயிர் தப்ப ஓடுகிறவனுக்குத் தெரிவு கிடையாது. ஆனால் விசாவும் வேலையும் பெற்று, பெட்டி அடுக்கிப் புறப்படுகிறவனுக்குத் தெரிவு உண்டு. குட்டியாக எடுத்து, நம் கையால் உண்ணப் பழக்கி, நம் குரலுக்கு ஓடிவரச் செய்துவிட்டோம். வேறுவிதமாக வாழும் வழியை நாமே அதனிடமிருந்து எடுத்துவிட்டோம். வாய்திறந்து நாம் ஒரு வாக்கும் கொடுக்கவில்லைத்தான். அது ஒரு நாளும் கேட்கவுமில்லை. கேட்காதவனுக்குக் கொடுத்த வாக்கை மீறுவது இலேசு. அதனாலேயே அது பாரமானது.

தோபித்து ஆகமத்தை வாசித்திருப்பீர்கள். கலிலேயாவிலிருந்து நினிவேக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை அது. மகன் தோபியா வானதூதரோடு மேதியாவுக்குப் புறப்படும்போது நாயும் கூடப் போகிறது. திரும்பி வருகையிலும் கூட வருகிறது. கதையில் அது வேறொன்றுமே செய்வதில்லை. மீனைப் பிடிக்கவில்லை, பேயை விரட்டவில்லை. ஒன்றுக்கும் உதவாத அந்த நாயை எழுதினவர் ஏன் விட்டுவிடவில்லை என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இப்போது இலண்டனில் அவர்களுடைய நாளைக் கேளுங்கள். ஊரில் தான் உண்ட கோப்பையையே கழுவாத மனிதர் அவர். இன்று விடிய ஆறு மணிக்கு, கம்பளிச் சட்டையும் கையுறையுமாக, ஒரு கையில் கயிறும் மறு கையில் சிறு பையும் கொண்டு பூங்காவுக்குப் போகிறார். நாய் இருந்த இடத்தைச் சுத்தஞ் செய்யாவிட்டால் தண்டம். குனிகிறார், எடுக்கிறார். "முதல் நாள் வெட்கமாயிருந்தது, மாஸ்டர். இப்போது அந்த நேரந்தான் நாளில் நல்ல நேரம்" என்று தொலைபேசியில் சொன்னார். மூன்று மாதமாக முகம் பாராதிருந்த அயல்வீட்டுக் கிழவி முதன்முதலாகப் பேசியது அவரோடு அல்ல, நாயோடு. அதன் பெயரைக் கேட்டாள், பிறகுதான் அவருடைய பெயரை. முதற் பனி பெய்த காலை நாய் வாசலில் ஒரு காலை வைத்து, எடுத்து, மறு காலை வைத்து, வீட்டாரைத் திரும்பிப் பார்த்ததாம். குளிருக்குப் பயந்து சுருண்டு கிடந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வெளியே ஓடினார்களாம். பாட்டியோடு ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கிவிட்ட இளையவன், நாயோடு மட்டும் தமிழில் பேசுகிறான். "வா", "இரு", "பொறு". அதற்கு வேறு பாஷை தெரியாதென்பது அவன் எண்ணம். (அதுவும் இதற்குள் ஆங்கிலம் பழகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.)

இந்தச் சிறு சந்தோஷங்களை அந்த நாடு அவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஒரு சீவனுக்குச் செய்யவேண்டிய வேலையைச் செய்யப்போன வழியில் அவை வந்து சேர்ந்தன. இன்பந் தேடிக் கடைத்தெருவில் அலைந்த முதல் மாதத்தில் ஒன்றும் அகப்படவில்லை என்று அவரே சொன்னார்.

ஆயினும் எல்லாரும் இப்படிச் செய்யவேண்டும் என்று நான் எழுதவில்லை. மூக்குக் குறுகிய இன நாய்களுக்கு விமானத்தில் மூச்சுத்திணறி ஆபத்து உண்டு. பல நிறுவனங்கள் அவற்றை ஏற்பதேயில்லை. மிக முதிர்ந்த நாயைப் பெட்டியில் அடைத்து அனுப்புவது யாருக்காக? இருவரும் இரவு பகலாக வேலைக்குப் போய்விட, மாடியறையொன்றில் பத்து மணித்தியாலம் கதவைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்கு அது கடல் கடந்து போகவேண்டுமா? ஊரில் வளவெல்லாம் ஓடித் திரிந்த சீவன் அது. நம் தனிமைக்கு மருந்தாக அதைக் கொண்டுபோகிறோமா, அதன் நன்மைக்காகவா என்று புறப்படுமுன் கேட்கத்தான் வேண்டும். சில வேளை, சோறு வைக்க மறவாத ஒரு பாட்டியிடம் விட்டுச் செல்வதே மேலான அன்பு. இந்தக் குடும்பத்துக்கும் பாட்டி உண்டு. ஆனால் அவவுக்கு எண்பது வயது, நாய்க்கு மூன்று. "நான் கண்ணை மூடினால் அதை யார் பார்ப்பது? கொண்டுபோங்கோ" என்று சொன்னவவே அவதான்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்து அவவின் வீட்டுக்குப் போயிருந்தேன். இலண்டனிலிருந்து தொலைபேசி வந்தது. மகன் பேசத் தொடங்குமுன்னரே, "அது சாப்பிட்டுதோ?" என்று கேட்டா. பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பிறகுதான், "நீ?" என்றா.