உங்கள் மிச்சம், அவர் மூச்சு

பாசிக்கு வெயிலும் நீரும் காற்றும் போதும், யார் தயவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறோம். 2005இல் ஆய்வாளர்கள் முன்னூறுக்கும் அதிகமான பாசி இனங்களின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவை பி12 வைட்டமின் இல்லாமல் வளராதவை. அதைப் பாசியால் செய்ய முடியாது. பாக்டீரியாவால் முடியும்.

நம் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில், பயோடீசலுக்காகக் குளோரெல்லா என்னும் நுண்பாசியை வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தப் பாசிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நைட்ரஜன் கிடைத்தால் பெருகும், எண்ணெய் சேர்க்காது. கிடைக்காவிட்டால் எண்ணெய் சேர்க்கும், பெருகாது.

மெக்சிகோவில் சிலர் அதற்கு ஒரு துணை தேடினார்கள். அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாவை அதனுடன் சேர்த்து வளர்த்தார்கள். தஞ்சை விவசாயி நெல்லுக்கு உயிர் உரமாக இடும் அதே வகைதான். பாசியும் பெருகியது, எண்ணெயும் கூடியது. 2002இல் அந்த முடிவு வெளியானது.

பாசி வெளியே தள்ளும் ஆக்சிஜன் பாக்டீரியாவுக்கு மூச்சு. பாக்டீரியா வெளியே விடும் கரியமில வாயு பாசிக்கு உணவு. இங்கே யாரும் தியாகம் செய்யவில்லை. தங்களிடம் மிஞ்சியதைத்தான் விட்டார்கள். இன்னொன்றும் உண்டு: ஆக்சிஜன் தேங்கிவிட்டால் பாசியின் வளர்ச்சியே தடைபடும். அதை எடுத்துக்கொள்பவரும் உதவி செய்பவர்தான்.

எல்லா பாக்டீரியாவும் துணையாகாது. பாசியைக் கொல்பவையும் இருக்கின்றன. கூட்டு நல்லது, ஆள் பார்த்துச் சேர்வது அதைவிட நல்லது.

நமக்குள்ளும் இப்படித்தான். மலாய் மொழியில் ஒரு விண்ணப்பம் எழுதுவது உங்களுக்குப் பத்து நிமிட வேலை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அது ஒரு வாரத்து மலைப்பு. அவர் வாசலில் மண்டிக் கிடக்கும் கறிவேப்பிலை அவருக்கு வெறும் தழை. உங்களுக்கு அது இன்றைய குழம்பின் வாசம்.

உங்களிடம் மிஞ்சியிருப்பது எது என்று இன்று பாருங்கள். அது இல்லாதவரிடம் கொண்டு போங்கள். அவர் பதிலுக்கு நீட்டும்போது, "அதெல்லாம் எதுக்கு பாட்டி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.